பன்னிரண்டாவது கை

எங்கள் வீட்டில் பிடிவாதம் அம்மா வழியில் வந்தது என்று அப்பா சொல்வார், அப்பா வழியில் வந்தது என்று அம்மா சொல்வார். எந்த வழியில் வந்திருந்தாலும் அது மொத்தமாக என்னிடம் வந்து இறங்கிவிட்டது என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பத்து வயதில் நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அதனால் வீட்டில் எல்லாருக்கும் தலைவலி. அந்தப் பிடியை உருப்படியாக ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டவர் என் மாமா ஒருவர்தான். அதுவும் எனக்குத் தெரியாமல்.

அப்பா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தார். ஆயர் ஈத்தாம் சந்தை முனைக்கு விடியற்காலை ஐந்தரைக்கு பேக்டரி பஸ் வரும். அதில் ஏறிக் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போவார், இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வருவார். எனக்குப் பத்து வயதான வருடக் கடைசியில் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதென்று முடிவாகி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்புவதற்கு முன் மண்டபத்தில் விருந்து வைத்து ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டியின் மேல் ஒரு பனிமலைப் படம், அதன் உச்சியில் கைகளை விரித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர். உள்ளே என் உள்ளங்கை நீளத்துக்கு மடக்கி வைத்த ஓர் இரும்புக் கருவி. காடு, மலை என்று சுற்றுகிறவர்களுக்கு எல்லா வேலைக்கும் இந்த ஒன்று போதும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பதினெட்டு வருடம் டியூப் லைட்டுக்கு அடியில் நின்ற மனிதர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ!

வேலை போன விஷயம் எனக்குத் தெரியாது. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அப்பாவுக்கு நீண்ட லீவு என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்ததால் அது மிகவும் நியாயமாகத் தோன்றியது. ஆனால் லீவில் இருக்கும் மனிதர் இப்படியா இருப்பார்? அம்மா காலையில் சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போனதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒன்பதாவது மாடியில் எங்கள் வீடு. நடைபாதையில் யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் டிவியின் ஒலியைக் குறைப்பார். கம்பிக் கதவில் யாராவது கூப்பிட்டால், "அப்பா தூங்கறாங்கன்னு சொல்லு" என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்வார். கீழே கோப்பிக் கடையில் ரொட்டி வாங்கக்கூட நான்தான் போகவேண்டும். பெரிய மனிதர் ஒருவர் சோம்பேறியாகிவிட்டதை நான் கொஞ்சம் வெறுப்போடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெட்டி பிரிக்கப்படாமல் ஐஸ் பெட்டியின் மேல் கிடந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்துப் பிரித்தவள் நான். கருவியின் நடுவில் ஒரு பிளையர். இரண்டு பக்கக் கைப்பிடிகளிலிருந்தும் ஒவ்வொன்றாக விரிந்தன: கத்தி, ரம்பம், கத்தரிக்கோல், அரம், டின் திறக்க ஒன்று, போத்தல் திறக்க ஒன்று, தட்டை ஸ்க்ரூ டிரைவர், நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், துளை போட ஒரு குத்தூசி, மீன் செதில் சுரண்ட முள் முள்ளாக ஒன்று. கடைசியாக, கயிற்றில் கட்டித் தொங்கிய ஒரு விசில். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. எங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோயில் முருகனுக்கும் பன்னிரண்டு கைகள்தானே! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து அதன் பெயர் பன்னிருகையன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு முகாம். அந்த முகாமில் பன்னிருகையனை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நான் நடந்து வருவதை அந்த நிமிடமே கண்ணால் பார்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்பதால் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் அவருக்கும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் சீன நண்பர்கள் நாலைந்து பேரோடு ஊருக்குப் பின்னாலிருக்கும் கொடிமலை ஏறுவார். பைகள் பல வைத்த கால்சட்டை, தோளில் தண்ணீர்ப் பை, கையில் தடி. அவர் மலைக்குப் போகிறாரா, படையெடுத்துப் போகிறாரா என்று அம்மா கேட்பார். அந்த மாதத்தில் அவர் வரும்போதெல்லாம், "மாப்ள, வாங்க, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று அப்பாவைக் கூப்பிடுவதும், அப்பா "கால் வலி மச்சான்" என்பதும் வழக்கமாகியிருந்தது.

பன்னிருகையனைப் பார்த்ததும் மாமாவின் கண் விரிந்தது. ஒவ்வொரு கையாக விரித்தார், மடக்கினார், விரலால் கூர் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இது மலை ஏறறவன் கையில இருக்க வேண்டிய சாமான்லா. இங்க கிடந்து துருப்பிடிக்கவா? நான் எடுத்துட்டுப் போறேன்."

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று அம்மா சொல்வார், எனக்கு நினைவில்லை. மாமா மறுபடி உட்கார்ந்து மோவாயைத் தடவினார். பிறகு ஒரு பந்தயம் சொன்னார். பள்ளி திறப்பதற்குள் பன்னிரண்டு கைகளுக்கும் வேலை கொடுத்துவிட்டால் கருவி எனக்கு. ஒரு கை சும்மா இருந்துவிட்டாலும் அது அவருக்கு. மூன்று வாரம் இருந்தது. சரி என்றேன். அதற்குப் பிறகுதான் சட்டங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"ஒண்ணு, நிஜ வேலையா இருக்கணும். சும்மா தொறந்து மூடறது சேராது. ரெண்டு, நம்ம வீட்டு வேலை சேராது. வெளிய யாருக்காவது செஞ்சாத்தான் கணக்கு. மூணு, இது சின்னப் பிள்ளைங்க தொறக்கற சாமான் இல்ல. உங்கப்பா கையாலதான் செய்யணும். நீ வேலைய மட்டும் தேடிக் குடு."

அப்பா படுக்கையிலிருந்து, "என்னை எதுக்கு மச்சான் இதுல கோக்கறீங்க?" என்றார்.

"வேணாம்னா விடுங்க மாப்ள, இப்பவே எடுத்துட்டுப் போறேன்" என்று மாமா மறுபடி சட்டைப் பையைத் தொட்டார்.

நான் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது சட்டத்தைப் போல ஓர் அநியாயத்தை நான் அதுவரை கேட்டதில்லை. வெளியே தலை காட்டாத மனிதரை வைத்துக்கொண்டு ஊருக்கு வேலை செய்வது எப்படி?

அப்பாவைக் கிளப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது. முதல் நாள் கெஞ்சினேன், பயனில்லை. இரண்டாம் நாள் பேசுவதை நிறுத்திவிட்டு அவர் போகுமிடமெல்லாம் பன்னிருகையனைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனேன். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தேன். குளியலறைக்குப் போனால் வாசலில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் கண் விழித்தபோது நான் கட்டிலின் ஓரத்தில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருமூச்சு விட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். ஆனால் லிஃப்ட் வேண்டாம் என்றார். ஒன்பது மாடியையும் படியில் இறங்கினோம். உடம்புக்கு நல்லது என்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே கோப்பிக் கடை வைத்திருந்த சீன அங்கிளின் மேசைக் காற்றாடி ஒரு வாரமாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. அதை நான் முன்பே குறித்து வைத்திருந்தேன். அங்கிளிடம் போய், எங்கள் அப்பா அதைச் சரி செய்வார் என்று மலாயில் சொன்னேன். அப்பா பத்தடி தள்ளி, சாக்கடையில் ஏதோ விழுந்துவிட்டதைப் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் சிரித்துவிட்டு, சத்தம்தான் போடுகிறது, காற்று வருகிறதே, விடு என்றார். என் முதல் வேலை கை நழுவிப்போய்க்கொண்டிருந்தது.

அப்பா திரும்பிக் காற்றாடியைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் சாக்கடையைப் பார்த்தார். மறுபடி காற்றாடி கடகடத்தது. பதினெட்டு வருடம் மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு கண்டுபிடித்த காது அது, எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சுவிட்சை அணைத்து, என்னிடம் கையை நீட்டினார். நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரால் வலையைக் கழற்றினார். வளைந்திருந்த கம்பியைப் பிளையரால் நிமிர்த்தினார். உரசிக்கொண்டிருந்த விளிம்பை அரத்தால் தேய்த்தார். மறுபடி ஓடவிட்டபோது காற்று மட்டும் வந்தது. அங்கிள் காற்றாடியின் பக்கம் காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, ஒரு குவளை பால் சேர்க்காத கோப்பி-ஓ கொண்டுவந்து வைத்து, "டுடுக் லா, பொஸ்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னதும் அப்பா உட்கார்ந்துவிட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டு குவளையை முழுக்கக் குடித்தார். பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் நான் மூன்று சரி போட்டேன்.

ஏழாவது மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் தனியாக இருந்தார். ஓய்வு பெற்று வெகு காலமாகியும் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். அவர் வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கம்பு நீளம் அதிகமாகி ஜன்னல் கதவைச் சாத்த முடியாமல் இருந்தது. ரம்பத்துக்கு அதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்! அப்பா தரையில் குந்தி மூங்கிலை மடியில் வைத்து அறுக்கத் தொடங்கினார். டீச்சர் கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேலை நாளில் அப்பா வீட்டில் இருப்பதைக் கவனித்து, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டார்.

"தம்பி இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?"

ரம்பம் நின்றது. அப்பா தலையைத் தூக்கவில்லை. "அந்த பேக்டரி பஸ்ஸு இனிமே வராது டீச்சர்" என்றார். பிறகு மறுபடி அறுக்கத் தொடங்கினார்.

டீச்சர் உள்ளே வந்து, அறுபட்டு விழுந்த துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அப்பிடியெண்டால் என்ரை குசினிக் குழாயையும் ஒருக்காப் பார்த்துவிட்டுப் போங்கோ. ரெண்டு மாசமாய்ச் சொட்டிக்கொண்டே கிடக்கு" என்றார். குழாயைப் பார்க்கச் சமையலறைக்குப் போன இடத்தில் டின் பால் ஒன்றும் திறக்க வேண்டியிருந்தது. ஐந்து சரி.

ஆனால் எனக்கு மனதில் ஒன்று உறுத்தியது. பஸ் வராவிட்டால் என்ன? இதற்காகவா ஒரு மனிதர் லீவு போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பார்? அன்று மாமா கணக்குப் பார்க்க வந்தபோது அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "மாமா, பஸ்ஸு வரலையாம். உங்க வேன்ல அப்பாவ பேக்டரியில விட்டுட்டு வர முடியாதா?" என்று கேட்டேன். மாமா என் தலையில் கை வைத்தார், எடுத்தார், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "எங்க, எத்தனை ஆச்சு, காட்டு" என்றார்.

அடுத்த பத்து நாளில் நான் எங்கள் புளோக்கின் மாடி மாடியாகக் கதவு தட்டினேன். உங்கள் வீட்டில் வெட்ட வேண்டியது ஏதாவது இருக்கிறதா, கழன்றது ஏதாவது இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் உள்ளே கூப்பிட்டார்கள். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் வேலை கிடைத்தது. ஒரு பிறந்தநாள் வீட்டில் போத்தல் திறக்கக் கிடைத்தது. மக்சி என்று நாங்கள் கூப்பிடும் மூன்றாவது மாடி மலாய் அம்மாவுக்குக் கை சுளுக்கியிருந்ததால் ஒரு கிலோ கெம்போங் மீனுக்கு அப்பா செதில் சுரண்டிக் கொடுத்தார். வீட்டில் மீன் பக்கமே போகாத மனிதர்! காய்ச்சலில் இளைத்துப்போன கோப்பிக் கடை அங்கிளின் இடுப்பு வாரில் புதிதாக ஒரு துளை போட்டதில் குத்தூசியும் முடிந்தது. இதற்கு நடுவில், பன்னிருகையனுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளையும் அப்பா ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. யாரோ வீட்டு ஐஸ் பெட்டி, யாரோ வீட்டுத் துணி துவைக்கும் மெஷின். இதெல்லாம் கணக்கில் சேராது, நேரம்தான் வீண் என்று கண்டித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

மிச்சம் இரண்டு கைகள். தட்டை ஸ்க்ரூ டிரைவர், விசில். இந்தக் காலத்தில் எல்லாத் திருகும் நட்சத்திரத் திருகாகிவிட்டது. தட்டைத் திருகு உள்ள ஒரு சாமானைத் தேடி நாலு நாள் அலைந்தேன். கடைசியில் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் பழைய தபால் பெட்டிகளின் கதவுகளில் அதைக் கண்டுபிடித்தேன். ஆனால் ஒன்றும் கழன்றிருக்கவில்லை. என்ன செய்வது? இருபது காசு நாணயத்தின் விளிம்பு அந்தத் திருகில் சரியாக உட்கார்ந்தது. யாருமில்லாத மத்தியானத்தில் ஒரு கதவைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, மறுநாள் காலையில் அப்போதுதான் கண்டுபிடித்ததைப் போல அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா கதவை மாட்டினார். கடைசித் திருகை முறுக்கும்போது அதன் தலையில் இருந்த புதுக் கீறலை விரலால் தடவினார். என் பக்கம் திரும்பினார். அவர் என்னை அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த கருவியைப் படீரென்று மடக்கினார்.

"வேலை இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. இல்லாத வேலைய இருக்கற மாதிரி காட்டாத. அது மாதிரி கேவலம் வேற இல்ல."

ஒரு தபால் பெட்டிக் கதவுக்கு இவ்வளவு கோபமா என்று இருந்தது. அழுதுகொண்டே நோட்டுப் புத்தகத்தில் போட்ட சரியை அழித்தேன். ஆனால் விட்டுவிடவில்லை. இரண்டு நாள் கழித்து டீச்சரின் பழைய தையல் மெஷினில், நான் தொடாமலே தளர்ந்திருந்த ஒரு தட்டைத் திருகு கிடைத்தது. பதினொன்று.

விசில் விஷயத்தில் மாமா பிடி கொடுக்கவே இல்லை. சும்மா ஊதினால் அது வேலையா? ஆபத்தில் உதவிக்குக் கூப்பிட ஊதினால்தான் கணக்கு என்றார். பள்ளி திறப்பது திங்கட்கிழமை. அதற்கு முதல் நாள் ஞாயிறு, மாமா கொடிமலை ஏறும் நாள். ஆபத்து என்று ஒன்று இருக்குமானால் அது மலையில்தான் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். அப்பாவைக் கேட்டபோது இந்தத் தடவை கால் வலி என்று சொல்லவில்லை. விசிலில் கூர் எதுவும் இல்லை என்பதால் அதை மட்டும் கயிற்றோடு அவிழ்த்து என் கழுத்தில் மாட்டிக்கொள்ள மாமா அனுமதி கொடுத்தார்.

மலையடிவாரத்துப் பூங்காவின் வாசலுக்குப் பக்கத்திலிருக்கும் வட்ட வளைவு வழியாக ஏறத் தொடங்கினோம். வேர்களே படிகளாக இருக்கும் பாதை அது. மாமாவும் நண்பர்களும் முன்னால், அப்பா பின்னால், நான் நடுவில். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. பொய்யாகத் தொலைந்துபோவதாக நடித்து ஊதினால் அது தபால் பெட்டி மாதிரி ஆகிவிடும். பொய் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே நிஜமாகவே தொலைந்துபோய்விடுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் கொடிமலையில் ஞாயிற்றுக்கிழமை தொலைந்துபோவது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் தடவை பாதையை விட்டு விலகி நூறு அடி போனதும் அங்கே ஒரு தாத்தா கைகளை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். இரண்டாவது தடவை நான் பிடித்த ஒற்றையடிப் பாதை என்னைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி பெரிய பாதையிலேயே விட்டது. அங்கே ஒரு சீன ஆன்ட்டி, அப்பா எங்கே என்று மலாயில் விசாரித்து, கையில் இரண்டு பிஸ்கட்டை வேறு திணித்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மூங்கில் புதருக்குள் நுழைந்து நேராக மேலே ஏறினேன். முள் கிழித்தது. மேலே போய்ப் பார்த்தால், கீழே, நாங்கள் வந்த பாதையின் ஒரு வளைவு பளிச்சென்று தெரிந்தது. வளைவில் ஒரு பாறை. பாறையில் அப்பா.

நான் மாமாவோடு முன்னால் போய்விட்டேன் என்று நினைத்திருக்கவேண்டும். தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் பன்னிருகையன். அதன் ஒவ்வொரு கையாக விரித்தார், பார்த்தார், மடக்கினார். நானும் கூடவே எண்ணினேன். பதினொன்று வந்ததும் மூடிக் கைக்குள் பொத்திக்கொண்டார். பிறகு கழுத்துத் துண்டை எடுத்து முகத்தில் வைத்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின.

என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அழும் மனிதராக அவரை நினைத்ததே இல்லை. பன்னிரண்டாவது கைக்கு வேலை கிடைக்கவில்லை என்றுதான் அழுகிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாளைக்குப் பள்ளி திறந்துவிடும், மாமா கருவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், இவ்வளவு கஷ்டப்பட்டதெல்லாம் வீணாகிவிடும், அதற்காக அழுகிறார். காட்டுக்குள் தனியாக நின்றபோது வராத பயம் அப்போது வந்தது. விசிலை வாயில் வைத்து ஊதினேன். மூச்சு முடியும்வரை ஊதி, மூச்சை இழுத்து மறுபடியும் ஊதினேன்.

அப்பா துள்ளி எழுந்தார். என் பெயரைக் கத்திக்கொண்டு பாதையில் மேல் நோக்கி ஓடினார். வேரில் தடுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். நான் புதரிலிருந்து சறுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து விழுந்தேன். என் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். முழங்காலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது அவருக்குத்தான், எனக்கு இல்லை.

"என்னாச்சு? எங்க அடிபட்டுச்சு?"

"பயமா இருந்துச்சுப்பா" என்றேன்.

மாமா தடியை எங்கோ போட்டுவிட்டு மேலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆபத்து ஒன்றுமில்லை என்று பார்த்ததும் நீதிபதி ஆகிவிட்டார். "நிஜமா பயந்து ஊதினியா, இல்ல பன்னெண்டுக்காக ஊதினியா?" என்றார். இரண்டும்தானே! விசிலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. குனிந்து தன் கைக்குட்டையை அப்பாவின் முழங்காலில் கட்டினார்.

"சேரும்" என்றார் மாமா. "பன்னெண்டும் சேரும்."

மேலே, ஏறுகிறவர்களுக்காகச் சில பெரியவர்கள் தேநீர் போட்டு வைத்திருக்கும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தோம். நான் மாமாவை ஏமாற்றிப் பந்தயத்தை ஜெயித்துவிட்ட பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். தேநீர்க் கெட்டிலின் மூடிக் குமிழ் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா குவளையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, பையிலிருந்து பன்னிருகையனை எடுத்து அதை முறுக்கினார். அதை நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுத அதில் கட்டம் இல்லை.

ஜெயித்த பரிசு எனக்குப் பயன்படவில்லை என்பது தனிக் கதை. முகாமுக்கான பள்ளிக் கடிதத்தின் முதல் வரியிலேயே கத்தி, கூரான பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைப் பள்ளியிலிருந்து வேனில் கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தவர் மாமாதான். விடுமுறைக்கு முன்பே கொடுத்தார். நான்தான் படிக்கவில்லை. முகாமுக்கு விசிலை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். மிச்சம் பதினொரு கைகளும் அப்பாவிடமே இருந்தன.

மாமாவுக்கு இப்போது முழங்கால் போய்விட்டது, மலை ஏறுவதில்லை. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது அந்தச் சட்டங்களைப் பற்றிக் கேட்டேன். அதிலும் இரண்டாவது சட்டம். நம் வீட்டு வேலை சேராது என்று ஏன் வைத்தீர்கள்? மாமா முறுக்கை மெல்ல மென்று முடித்தார்.

"உங்கப்பாவ நான் எத்தனை தடவ கூப்பிட்டேன், வெளிய வாங்கன்னு. நான் கூப்பிட்டா கால் வலி. உன்கிட்ட மாட்டினா தப்ப முடியுமா? அவ்வளவுதான்லா."

பக்கத்திலிருந்த அப்பா காதில் விழாததைப் போல டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஒலியைக் குறைப்பதில்லை.

ஆனால் எனக்கு அந்த மலையைவிட, அந்தப் பாறையைவிட, மறுநாள் காலைதான் தெளிவாக நினைவிருக்கிறது. பள்ளி திறக்கும் திங்கட்கிழமை. நான் எழுந்தபோது ஐந்தரை ஆகவில்லை. அப்பா எனக்கு முன்பே எழுந்து, முகம் மழித்து, தலை வாரி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு நின்றார். முழங்காலில் அம்மா ஒட்டிய பிளாஸ்திரி கால்சட்டைக்கு மேலாகப் புடைத்துத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து டீச்சரின் தங்கை வீட்டில் கதவு வேலை இருக்கிறதாம், அதற்கு முன் கோப்பிக் கடையில் ஒரு சுவிட்சைப் பார்க்கவேண்டுமாம். பன்னிருகையனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பிக் கதவைத் திறந்தார். நடைபாதையில் நடந்து போய், படிக்கட்டுப் பக்கம் திரும்பாமல், லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

எனக்குப் பாவமாக இருந்தது. பாவம், முடிந்துபோனது தெரியாமல் இன்னும் உழைக்கப் பார்க்கிறாரே! பின்னாலேயே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, பன்னெண்டும் முடிஞ்சிருச்சு. நாமதான் ஜெயிச்சிட்டோம். இனிமே நீங்க போக வேண்டியதில்ல."

அப்பா என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். லிஃப்ட் வந்து கதவு திறந்து, அவர் உள்ளே போய், கதவு மூடிய பிறகும் எட்டாவது மாடி, ஏழாவது மாடி என்று அந்தச் சிரிப்பு இறங்கிக்கொண்டே போனது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.